கூட்டினால் எட்டு

7 அக்டோபர் 2024, திங்கள்

இந்த டைரி என் பிரஷரை எழுதிவைப்பதற்காக டாக்டரம்மா கொடுத்தது. நாள் தவறாமல் எழுதிக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். எனக்கு எழுதத் தெரியாதே என்றேன். "வீட்டுல யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ராமுத்தாய் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். எட்டாவது வரை படித்தவள். நாற்பத்தாறு வருசமாக அந்த எட்டாவதை வைத்துத்தான் என்னை ஆண்டுகொண்டிருக்கிறாள்.

எனக்கு எழுத்துதான் தெரியாது, நம்பர் தெரியும். ரூபாய் நோட்டும் பஸ் நம்பரும் கற்றுக்கொடுத்தவை. அப்புறம் ஒரு தடவை கண்ணால் பார்த்தது மறக்காது. அதனால் இதுவரை நோட்டும் பேனாவும் தேவைப்படவில்லை.

சரி, எழுதுவதுதான் எழுதுகிறாய், என் வண்டிக்கும் சேர்த்து எழுது என்றேன். எனக்கு எழுபத்தொன்று வயசு. என் ராஜ்தூத்துக்கு நாற்பத்து மூன்று. இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி நம்பர் 7011. கூட்டினால் ஒன்பது. அதற்காகவே இரண்டு மாதம் காத்திருந்து எடுத்தேன். ஒன்பது எனக்கு ராசி. எட்டு ஆகாது. கூட்டுத்தொகை எட்டு வருகிற பஸ்ஸில்கூட ஏற மாட்டேன்.

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். இவ்வளவு போதும் இன்றைக்கு.

(பிரஷர் 160/90. அதைச் சொல்லாமலே எழுந்து போய்விட்டார். இனி நடுநடுவே அடைப்புக்குறிக்குள் வருவது நான். — ராமுத்தாய்)

9 அக்டோபர், புதன்

பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒரே கரி. பெட்ரோலில் ஆயில் கூடிவிட்டது. இந்த வண்டிக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஐம்பது மில்லி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அதற்கென்று ஒரு மூடி அளவாக வைத்திருந்தேன். யாரோ மூடியை மாற்றிவிட்டார்கள்.

"யாரோ என்ன யாரோ, நாந்தான் எடுத்தேன்," என்றாள் ராமுத்தாய். "இருமல் மருந்து பாட்டில் மூடி அது. நீங்க ராத்திரியெல்லாம் இருமுனீங்கள்ல?"

"வண்டியுந்தான் ஒரு மாசமா இருமுது."

"அப்ப அதுக்கும் ரெண்டு மூடி மருந்து ஊத்துங்க."

ஊற்றவில்லை. மூடியைக் கழுவி வாங்கிக்கொண்டேன்.

11 அக்டோபர், வெள்ளி. ஆயுத பூசை

வண்டியைக் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்தேன். ராமுத்தாய் அவள் கொல்லையில் பூத்த மல்லிகையைக் கட்டி ஹேண்டில்பாரில் சுற்றினாள். மெக்கானிக் அபுதாகிர் பாய் பொரிகடலை வாங்கிக்கொள்ள வந்தார். முப்பது வருசமாக இந்த நாளில் வருகிறவர். வாயில் பொரியைப் போட்டுக்கொண்டே குனிந்து பின்டயரைத் தடவினார்.

"என்னண்ணே, பொட்டு வச்சீங்க, பூ வச்சீங்க. டயருல ஒரு முடி இல்லயே. ஒங்க மண்டையும் இதுவும் ஒண்ணுபோல மின்னுது."

"பஜாருக்குப் போய்ட்டு வார வண்டிக்கு இது போதும் பாய்."

"நம்ம போடிநாயக்கனூரு பஜாருல தண்ணி தேங்குனா வழுக்காதா? பதினோரு வருசத்துக்கு முந்தி, நீங்க விழுந்த பெறகு, நான் மாட்டிவிட்ட டயரு இது. கெழடு தட்டிப்போச்சு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"மேட்டுல ஒங்க மச்சினன் வேலைய விட்டுட்டாராமே. கோயமுத்தூருல மகன் வீட்டோட போறாராம். அடுத்த மாசம் பதினொண்ணாம் தேதி சாமானேத்த லாரி வருதாம்."

உள்ளே டம்ளர் கழுவுகிற சத்தம் நின்றது.

இது எனக்குத் தேவையில்லாத சேதி. எழுத வேண்டாம் என்றேன்.

(எழுதிவிட்டேன். மேட்டில் இருப்பவன் பவுன்துரை, என் தம்பி. இவரும் அவனும் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பதினொரு வருசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரும் நானும் தோட்டத்திலிருந்து வண்டியில் இறங்கும்போது மலைப்பாதையில் வழுக்கி விழுந்தோம். எனக்குக் கை ஒடிந்தது. பின்டயரை மாட்டியவன் தம்பி. அவன் சரியாக மாட்டவில்லை என்று ஆசுபத்திரியில் அத்தனை பேர் முன்னால் வைத்து இவர் திட்டினார். அன்றிலிருந்து அவன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. நாங்கள் மலை ஏறவில்லை. அவன் மகன் கல்யாணத்துக்குக்கூட.)

அவள் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்: போகக் கூடாது என்று நான் உன்னை ஒருநாளும் சொன்னதில்லை.

(போ என்றும் சொன்னதில்லை.)

12 அக்டோபர், சனி

ஒன்றும் இல்லை. வண்டி நிற்கிறது.

(பிரஷர் 170/100. வண்டி நிற்கிறது. இவர்தான் வாசலுக்கும் கொல்லைக்குமாக நிற்காமல் நடக்கிறார்.)

15 அக்டோபர், செவ்வாய்

செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, ஆயில் விட்டு மாட்டினேன். நடுவில் விரலை வைத்தால் ஒரு விரல் அளவு ஏறி இறங்க வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் கழன்று ஓடும். அதைவிட விறைப்பாக இருந்தால் அறுந்துபோகும்.

"மனுசனுக்கும் அப்பிடித்தான்," என்றாள் ராமுத்தாய், என் தலைக்கு மேலே துணி காயப் போட்டபடி. என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வேட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

நாலு மணிக்குப் பூப் பறிக்கக் கொல்லைக்குப் போனாள். தினமும் நாலு மணிக்குப் போவாள். செடியில் நாற்பது பூ இருக்கும். அதைப் பறிக்க அரை மணி நேரம் ஆகும். போகும்போது செல்போனையும் எடுத்துக்கொண்டு போவாள், பூவோடு பேசுவதற்கு. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

(எனக்கு எழுதவே கை கூசுகிறது. இத்தனை நாளும் தெரியுமா?)

17 அக்டோபர், வியாழன்

பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. பாய் புதுசு மாட்டினார். கிளட்ச் கம்பியும் மாற்றியாயிற்று. முன்பக்க விளக்கு எரிகிறது. ஹாரன் அடிக்கிறது, ஆனால் தொண்டை கட்டின மாதிரி.

"பஜாருக்குப் போறதுக்கா அண்ணே இவ்வளவும்?" என்றார் பாய்.

பஜாரில் கூட்டம் அதிகம் என்று சொன்னேன்.

19 அக்டோபர், சனி

பாயோடு டயர் கடைக்குப் போனேன். பின்டயர் மட்டும் வாங்குவதாக ஏற்பாடு. கடைக்காரர் நீளக் கோடு போட்ட டயர் ஒன்றை இறக்கினார். தார் ரோட்டுக்கு இதுதான் நல்லது, சத்தமில்லாமல் ஓடும் என்றார். எனக்குப் பட்டன் டயர் வேண்டும் என்றேன். கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டு நிற்குமே, அது.

"பட்டன் டயரு சேத்துக்கும் மண் பாதைக்குமுல்ல," என்றார் பாய். "பஜாருல எங்கண்ணே சேறு?"

"மார்க்கெட்டு முன்னாடி இருக்குல்ல."

"அங்க போன வருசமே கல்லு பதிச்சாச்சு. மண் பாதைன்னா இந்தப் பக்கத்துல எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான் கெடக்கு. மெட்டத் தாண்டி எடது கைப் பக்கம், ஏலத்தோட்டத்துக்குப் போறது."

நான் கூரையில் தொங்கிய டயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பட்டன் டயர் இரண்டு இருந்தன. இரண்டிலும் புது டயருக்கு இருக்கிற பூனைமுடி மாதிரி ரப்பர் முடி இருந்தது. பக்கவாட்டில் நாலு நம்பர் பதித்திருப்பார்கள். ஒன்றில் 1422. கூட்டினால் ஒன்பது. மற்றதில் 3824. பதினேழு, அதைக் கூட்டினால் எட்டு. ஒன்பதை எடுத்து வைக்கச் சொன்னேன்.

பாய்க்கு சிரிப்பு தாங்கவில்லை. "எதுக்குண்ணே இந்த டயரு?"

"நம்பர் நல்லா இருக்கு."

"அது என்ன லாட்டரிச் சீட்டா? அண்ணே, அது டயரு பொறந்த தேதி. மொத ரெண்டு நம்பரும் வாரம், பின்னாடி ரெண்டும் வருசம். நீங்க எடுத்தது இருபத்திரெண்டாம் வருசம் பதினாலாவது வாரம். கடையில ரெண்டு வருசம் தூங்குனது. அந்த எட்டுதான் போன மாசம் பொறந்த புள்ள. ரப்பரு வச்சிருக்க வச்சிருக்க எறுகிப் போகும்ணே. பாக்க முடியோட புதுசா இருக்கும், ஓட்டுனா வழுக்கும். ஈரத்துல சொல்லவே வேணாம்."

"எல்லா டயருலயும் அப்பிடியா?"

"ரெண்டாயிரத்துக்குப் பெறகு வந்த எல்லாத்துலயும்."

தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

20 அக்டோபர், ஞாயிறு

டயர் வாங்கவில்லை. வெயில்.

(காலையிலிருந்து மழை பெய்கிறது. பிரஷர் 180/100.)

22 அக்டோபர், செவ்வாய்

எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. இரண்டு நாளாக எழுதாமல் தட்டிக்கொண்டிருந்தேன். ராமுத்தாய் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறாள். சொல்லிவிடுகிறேன்.

2013, ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை; நாங்கள் விழுந்ததற்கு முந்தின வாரம். நானும் பவுன்துரையும் வேறொரு கடைக்குப் போனோம். அந்தக் கடை இப்போது இல்லை, செருப்புக்கடை ஆகிவிட்டது. அன்றைக்குப் பவுன்துரை பச்சைக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான், மேல் பட்டன் இல்லாமல். நீலக் கயிற்றில் இரண்டு டயர் தொங்கியது. இரண்டும் ஒரே அளவு, ஒரே பட்டன், இரண்டிலும் முடி. பவுன்துரை இரண்டையும் நகத்தால் அழுத்திப் பார்த்தான். "மாமா, இது கொஞ்சம் மெதுவா இருக்கு, இத எடுப்போம்," என்றான். அதில் இருந்த நம்பர் 2213. கூட்டினால் எட்டு.

எட்டு ஆகாதுடா என்று சொல்லி நான் மற்றதை எடுத்தேன். அது ஒன்பது.

அதன் நம்பர் 3402.

இதைச் சொன்னதும் ராமுத்தாய் பேனாவை வைத்துவிட்டு விரலை மடக்கினாள். அப்புறம் கொல்லைக்குப் போனாள். அவளுடைய மல்லிகைச் செடியைச் சுற்றி மண் கரையாமல் இருக்க ஒரு பழைய டயர் போட்டிருக்கிறாள். அன்றைக்கு எங்களை உருட்டிவிட்ட அதே டயர்தான். ஆசுபத்திரியிலிருந்து வந்த பிறகு சுவரில் சாய்ந்து கிடந்ததை எடுத்துச் செடிக்குப் போட்டாள்.

திரும்பி வந்தபோது அவள் விரலெல்லாம் மண்.

"முப்பத்தி நாலு, பூச்சியம் ரெண்டு," என்றாள். "சுத்திலும் பாளம் பாளமா வெடிச்சிருக்கு. ரெண்டாயிரத்து ரெண்டாம் வருசத்து டயருங்க. நாம வாங்கும்போதே அதுக்குப் பதினோரு வயசு."

"வெயில்ல கெடந்து வெடிச்சிருக்கும்."

"தேதியும் வெயில்லயா மாறுச்சு?"

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றேன்.

(ஒன்று மட்டும். நாங்கள் விழுந்தது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில். ராசியான நம்பர்.)

26 அக்டோபர், சனி

பாயிண்ட் சரி பார்த்தேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு மூடியைத் திறந்தால் இரண்டு சின்னப் புள்ளிகள் முட்டி முட்டி விலகும். விலகும்போது நடுவே இருக்கிற சந்து சரியாக இருந்தால்தான் பிளக்கில் நெருப்பு வரும். கடைகளில் அதற்குத் தகடு வைத்திருப்பார்கள். எனக்கு ஒரு கனமான அட்டைத் துண்டு போதும். டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ராமுத்தாய் எட்டிப் பார்த்தாள். "அது என்ன அட்டை?"

"ஏதோ அட்டை."

பிடுங்கிப் பார்த்தாள். பவுன்துரையின் மகன் கல்யாணப் பத்திரிகை. ஐந்து வருசத்துக்கு முன்னால் தபாலில் வந்தது. ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் நான் வெட்டி எடுத்தது. மற்றது அப்படியே இருக்கிறது.

"கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்னு சொன்னீங்க?"

கனம் சரியாக இருக்கிறது, அதனால் வைத்திருக்கிறேன். வேறு அட்டை எதுவும் அந்தக் கனத்தில் கிடைக்கவில்லை.

(ஓரத்தை வெட்டியவர் மேலே மஞ்சள் தடவிய இடத்தையும் பெயர்களையும் தொடாமல் வெட்டியிருக்கிறார். வாசிக்கத் தெரியாதவர் எப்படி அவ்வளவு பார்த்து வெட்டினார் என்று தெரியவில்லை.)

31 அக்டோபர், வியாழன். தீபாவளி

பணியாரம் நன்றாக இருந்தது. ஆறு தின்றேன்.

(பதினொன்று. பிரஷர் பார்க்கவே விடவில்லை. சாயங்காலம் நான் கொல்லையில் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். இவர் குளியலறைப் பக்கம் வந்து நின்றார். தண்ணீர் பிடிக்க வந்தாராம். கையில் வாளி இல்லை. தம்பி சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டான். "இனிமே இந்தப் பக்கம் எங்கக்கா வரப்போறேன்," என்றான். மலையில் இருந்தாலாவது ஒருநாள் இறங்கி வருவான் என்று பதினொரு வருசம் இருந்துவிட்டேன். கோயம்புத்தூருக்கு நான் எந்த பஸ்ஸில் போவேன், யாரோடு போவேன்.)

1 நவம்பர், வெள்ளி

நேற்று அவள் எழுதியதை வாசிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, வேறு என்னவோ வாசித்தாள். தீபாவளிக்கு அவ்வளவு நீளமாக எழுதுகிற அளவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

4 நவம்பர், திங்கள்

பாயோடு போனேன். டயர் கடை திறந்திருந்தது. அந்தப் பட்டன் டயர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒன்பதா, எட்டா?" என்றார் கடைக்காரர். பாய் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"எட்டு."

"நெசமாவா?" என்றார் பாய்.

"கேள்வி கேட்டு உசிர வாங்காம மாட்டிவிடுங்க பாய்."

பாயின் பட்டறையில் மாட்டினோம். பழைய டியூபும் வேண்டாம், புதுசு போட்டுவிடுங்கள் என்றேன். உள்ளே பவுடர் தூவி டியூபை வைத்தார்; அப்போதுதான் ஒட்டிப் பிடிக்காது. டயரில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், சக்கரம் சுற்றுகிற பக்கம் அது பார்க்க வேண்டும். அதையும் இரண்டு தடவை பார்த்தேன். காற்று அடித்து, வால்வில் எச்சில் தொட்டு வைத்து, குமிழி வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை.

அப்புறம் 3824 என்கிற இடத்தில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன். நம்பர் மேடாக, சூடாக இருந்தது. பயமாகத்தான் இருந்தது. இதை எழுத வேண்டாம்.

(எழுதிவிட்டேன்.)

6 நவம்பர், புதன்

புது டயரில் முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாகப் போக வேண்டும். மேல்தோல் வழவழப்பாக இருக்கும், அது தேய்கிற வரை வழுக்கும். நேற்றும் இன்றும் தேனி ரோட்டில் போய்ப் போய் வந்தேன்.

"பஜாரு தேனிக்கே போயிருச்சோ?" என்றாள் ராமுத்தாய்.

"டயரு பழகணும்ல."

"எதுக்குப் பழகணும்?"

"பழகாத டயருல ஆள ஏத்தக் கூடாது."

"எந்த ஆள?"

நான் செயினைத் துடைக்கப் போய்விட்டேன். அவள் உள்ளே போய்ப் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அதில் அவளுடைய கம்பளிச் சால்வை இருக்கிறது. போடியில் சால்வை போடுகிற குளிர் கிடையாது.

(டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். மலைப்பாதையில் வண்டி ஓட்டலாமா என்று. "பிரஷர் எவ்வளவு?" என்றார். 140/90 என்றேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாக இறங்கியிருக்கிறது. "மருந்து கேட்டிருக்கு," என்றார். மருந்தை நான் மாற்றவில்லை. நிறுத்தி நிறுத்திப் போகச் சொன்னார்.)

9 நவம்பர், சனி

இது மேட்டில் வைத்து எழுதுகிறது.

காலையில் டீயைக் குடித்துவிட்டு, "ஏறு," என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. சால்வையோடு, பையோடு, கட்டி வைத்த மல்லிகையோடு தயாராக நின்றாள். பணியாரம்கூட டப்பாவில் இருந்தது. நான்தான் கடைசியாகத் தயாரானவன்.

அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் தூறல். வண்டி இரண்டாவது கியரில் சொன்னபடி கேட்டது. வளைவுக்கு வளைவு ராமுத்தாய் பின்னால் நம்பர் சொல்லிக்கொண்டே வந்தாள். எட்டாவது வளைவில் நிறுத்தி எஞ்சினுக்கு மூச்சு வாங்க விட்டேன். டாக்டரம்மா சொன்னது அவளுக்கு, அவள் சொன்னது எனக்கு.

ஒன்பதாவது வளைவு வந்தது. அவள் நம்பர் சொல்லவில்லை. ஒடிந்து சேர்ந்த அந்தக் கையை என் இடுப்பில் வைத்திருந்தாள். கை இறுகியது. ரோடு ஈரம். பின்சக்கரம் ஒரு துளி நகர்ந்ததா என்று உடம்பெல்லாம் காதாக இருந்தேன். நகரவில்லை. கவ்விக்கொண்டு ஏறியது.

"பத்து," என்றாள்.

மெட்டைத் தாண்டி இடது பக்கம் மண் பாதை. கணுக்காலளவு சேறு. பட்டன் டயர் எதற்கு என்று பாய் இங்கே வந்து கேட்கட்டும்.

பவுன்துரை வாசலில் உட்கார்ந்து சாக்குக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தான். வண்டிச் சத்தம் கேட்டதுமே கோணி ஊசியோடு எழுந்துவிட்டான். தலை முழுக்க வெள்ளை. நான் முதல் வளைவிலிருந்து பதினேழாவது வளைவு வரை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை ஒன்று இருந்தது. வண்டியை நிறுத்தியதும் அது எங்கேயோ விழுந்துவிட்டது. நாற்பது வருசத்து விசயமெல்லாம் ஞாபகம் இருக்கிறது, அரை மணி நேரத்துக்கு முன்னால் கட்டிய வார்த்தை இல்லை.

அவன் அக்காவின் கையைத்தான் முதலில் பார்த்தான். அவள் கையை நீட்டி, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"நல்லாருக்குடா. தோசக்கல்லு தூக்குறேன்."

பிறகு அவன் என்னிடம் வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினான். டயரின் பக்கவாட்டில் அப்பியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்தான். தேடவில்லை, நேராக நம்பர் இருக்கிற இடத்தைத் துடைத்தான்.

"மூணு, எட்டு, ரெண்டு, நாலு." உதடு கொஞ்ச நேரம் அசைந்தது. "என்ன மாமா, எட்டு வருது?"

ஸ்டாண்டு போட்ட வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒனக்கு எப்பத் தெரியும் மாப்ள?"

"மூணாம் நாளு. கெட்ட டயரக் குடுத்துட்டான்னு கடைக்காரன்கிட்டச் சண்டைக்குப் போனேன். தேதியப் பாத்துல்ல வாங்கணும்னு அவன்தான் காட்டிக் குடுத்தான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன். ஆசுபத்திரி வராண்டாவுல சொந்தக்காரங்க அத்தன பேரும் நிக்கிறாங்க. நீங்க மூணு நாளாத் தண்ணிகூடக் குடிக்காம, என்னையத் திட்டிக்கிட்டு நின்னீங்க. அந்தத் திட்டையும் புடுங்கிட்டா கீழ விழுந்திருவீங்கன்னு தோணுச்சு." கட்டைவிரல் சேற்றைக் கைலியில் துடைத்தான். "சரி, மாமா திட்டி முடிக்கட்டும், பெறகு சொல்லிக்கிருவோம்னு இருந்தேன். முடிக்க இவ்வளவு நாளாகும்னு தெரியாமப் போச்சு."

ராமுத்தாய் சிரித்தாள். சால்வையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அப்புறம் அதே சால்வையால் கண்ணைத் துடைத்தாள். பவுன்துரையும் சிரித்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரிப்பார்கள். அது மறந்திருந்தது எனக்கு. கண்ணால் பார்த்ததில் மறந்தது அது ஒன்றுதான்.

லாரி திங்கட்கிழமை வருகிறது. அதுவரை இங்கேதான் இருக்கிறோம். சாக்கு தைக்க இன்னும் பதினான்கு இருக்கிறது. எனக்கும் ஒரு ஊசி கொடுத்திருக்கிறான். கோயம்புத்தூருக்கு ராஜ்தூத்தில் வர முடியுமா என்று கேட்கிறான். முன்டயரையும் மாற்றினால் வரலாம் என்று சொல்லியிருக்கிறேன். தேதி பார்த்து வாங்க அவனையும் கூட வரச் சொன்னேன்.

இந்த டைரியில் எழுத வேண்டாம் என்று சொன்னவைதான் அதிகம். இதை மட்டும் எழுது, ராமுத்தாய். அன்றைக்கு அந்த டயரை எடுத்தவன் நான். பவுன்துரை சொன்ன டயர்தான் சரி. அவன் சரியாகத்தான் மாட்டினான். கீழே என் பேரைப் போடு: சுருளியாண்டி.

(எழுதிவிட்டேன். தம்பி இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, பிழை ஒன்றும் இல்லை என்கிறான்.)